ரிவர்ஸ் ஹூப்பர்ஸ்: போர்ட் ஹார்கோர்ட்டின் கூடைப்பந்துக் கழகம்

ரிவர்ஸ் ஹூப்பர்ஸ், நைஜீரியாவின் தெற்கே ரிவர்ஸ் மாநிலத் தலைநகரான போர்ட் ஹார்கோர்ட்டைச் சேர்ந்த ஆண்கள் தொழில்முறைக் கூடைப்பந்துக் கழகம். மாநில அரசுக்குச் சொந்தமானது. முன்பு ராயல் ஹூப்பர்ஸ் என்ற பெயரில் ஆடியது. ரசிகர்களுக்கு இது 'கிங்ஸ்மென்'. 2021-ல் தொடங்கிய ஆப்பிரிக்கக் கூடைப்பந்து லீக்கின் முதல் ஆட்டத்தை ஆடிய இரண்டு அணிகளில் ஒன்று இது. 2024-ல் அதே லீக்கில் மூன்றாம் இடம் பிடித்தது. அதுவரை எந்த நைஜீரியக் கழகமும் அங்கே இவ்வளவு தூரம் வந்ததில்லை.

இந்த இரண்டு நிகழ்வுகளுக்கும் இடையில் மூன்று ஆண்டுகள் உள்ளன. அந்த மூன்று ஆண்டுகளில் கழகம் என்ன ஆடியது என்பதைவிட, ஏன் ஆட முடியாமல் இருந்தது என்பதுதான் அதன் வரலாற்றில் பெரிய பகுதி. ஒரு கழகத்தின் கதையை வென்ற கோப்பைகளை வைத்து எழுதுவது வழக்கம். ஹூப்பர்ஸ் கதையில் நடக்காத போட்டிகளையும் சேர்த்து எழுத வேண்டியிருக்கிறது.

நகரம்

நைஜர் ஆறு கடலில் கலக்குமுன் நூற்றுக்கணக்கான கிளைகளாகப் பிரியும் கழிமுகப் பகுதியில் போர்ட் ஹார்கோர்ட் இருக்கிறது. மாநிலத்துக்கு 'ஆறுகள்' என்று பெயர் வந்ததும் அதனால்தான். வடக்கே எனுகுவில் தோண்டிய நிலக்கரியைக் கப்பலேற்ற ஒரு துறைமுகம் வேண்டும் என்று பிரிட்டிஷ் ஆட்சி 1912-ல் இந்த நகரத்தை உருவாக்கியது. அன்றைய காலனிகள் துறை அமைச்சர் லூயிஸ் ஹார்கோர்ட்டின் பெயரை 1913-ல் அதற்குச் சூட்டினார்கள். ஊர்க்காரர்கள் அந்தப் பெயரை நாக்குக்கு வசதியாக வளைத்துப் 'பிட்டாக்வா' என்று சொல்கிறார்கள். 1956-ல் பக்கத்து ஒலோயிபிரியில் எண்ணெய் கிடைத்தது. 1958-ல் நைஜீரியாவின் முதல் கச்சா எண்ணெய் ஏற்றுமதி இங்கிருந்துதான் கப்பலேறியது. நிலக்கரி நகரம் எண்ணெய் நகரமானது. பணம் வந்தது, புகையும் வந்தது. 2016 முதல் பல ஆண்டுகள் இந்த ஊரின் ஜன்னல்களிலும் துணிக்கொடிகளிலும் கரிப்படலம் படிந்தது. கள்ளத்தனமாக எண்ணெய் காய்ச்சும் உலைகள் அதற்கு முக்கியக் காரணம்.

இங்கே ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும். கூடைப்பந்துக்கு இது சின்ன விஷயமல்ல. நைஜீரியாவில் பெரும்பாலான பையன்கள் பந்து பழகுவது திறந்தவெளிச் சிமென்ட் தளத்தில்தான். சிமென்ட்டில் பந்தின் சொரசொரப்பு சில மாதங்களிலேயே தேய்ந்து, கையில் வழுக்கத் தொடங்கிவிடும். மழை பெய்தால் அன்றைய ஆட்டம் அத்தோடு சரி. அதனால்தான் கூரையுள்ள ஓர் அரங்கம் இந்த ஊரில் பொக்கிஷம் மாதிரி. ஹூப்பர்ஸ் அணியின் தாய்க்களமான ஆல்ஃபிரட் டியேட்-ஸ்பிஃப் சிவிக் சென்டர் அப்படிப்பட்டது. 1967-ல் ரிவர்ஸ் மாநிலம் உருவானபோது அதன் முதல் ராணுவ ஆளுநராக இருந்தவரின் பெயர் அது.

இந்த ஊரிலிருந்து பந்தை எடுத்துக்கொண்டு வெகுதூரம் போனவர்களில் முக்கியமானவர் பிரெஷஸ் அச்சியுவா. 1999-ல் போர்ட் ஹார்கோர்ட்டில் பிறந்து, பள்ளி வயதிலேயே அமெரிக்கா போனவர். 2020-ல் அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்.பி.ஏ.வின் புதுமுகத் தேர்வில் மயாமி ஹீட் அணி அவரை 20-ஆவது தேர்வாக எடுத்தது. அவர் வளர்ந்த பாதையில் ஹூப்பர்ஸ் இல்லை. இதை ஒரு குறையாகச் சொல்லவில்லை. நைஜீரியக் கூடைப்பந்து நெடுங்காலமாக இப்படித்தான் நடந்துவந்திருக்கிறது. லாகோஸில் பிறந்து, ஹூஸ்டன் பல்கலைக்கழகம் போய், 1984-ல் என்.பி.ஏ.வின் முதல் தேர்வாகி, 1994, 1995 இரண்டு ஆண்டுகளிலும் கோப்பை வென்ற ஹக்கீம் ஒலாஜுவான் தொடங்கி, திறமை வெளியே போய்த்தான் பெயர் வாங்கியது. உள்ளூரிலேயே இருந்து ஆடிச் சம்பளம் வாங்க ஒரு கழகமும், அந்தக் கழகம் ஆட ஒரு லீக்கும் வேண்டும். முதலாவது போர்ட் ஹார்கோர்ட்டில் இருந்தது. இரண்டாவது அடிக்கடி காணாமல் போனது.

உள்நாட்டு லீக்

நைஜீரியாவில் கூடைப்பந்துக் கழகங்களைப் பெரும்பாலும் யாராவது ஒரு பெரிய நிறுவனமோ அரசுத் துறையோதான் தாங்கிப் பிடித்தது. லாகோஸில் யூனியன் பேங்க் அணி இருந்தது. சுங்கத் துறைக்கு ஓர் அணி இருந்தது. டோடன் வாரியர்ஸ், எபுன் காமெட்ஸ், லாகோஸ் ஐலண்டர்ஸ் ஆகியவையும் அந்நகரத்தின் பெயர்பெற்ற அணிகள். வடக்கே கானோ பில்லர்ஸ், கோம்பே புல்ஸ் போன்றவை மாநில அரசுகளின் ஆதரவில் வளர்ந்தன. லாகோஸின் வணிகப் பலம் எதுவும் இல்லாமல் தெற்கிலிருந்து எழுந்த ஹூப்பர்ஸ் இந்த இரண்டாவது வகை.

உள்நாட்டு லீக்கான பிரீமியர் லீக் நாட்டை இரண்டாகப் பிரித்து நடக்கும். தெற்குப் பகுதி அணிகள் அட்லாண்டிக் பிரிவு, வடக்குப் பகுதி அணிகள் சவானா பிரிவு. இரண்டு பிரிவுகளிலும் முன்னணியில் வருபவை எட்டு அணிகளின் இறுதிச் சுற்றில் மோதும். அந்தச் சுற்று ஒரே ஊரில், ஒரே அரங்கத்தில், சில நாட்களுக்குள் முடிந்துவிடும். பயணச் செலவு மிச்சம் என்பதால் இந்த ஏற்பாடு. ஆனால் இதில் ஓர் இழப்பு உண்டு. தன் அணி வாரந்தோறும் தன் ஊரில் ஆடுவதைப் பார்க்கும் பழக்கம் ரசிகனுக்கு வருவதில்லை. சொந்த ஊரில் ஆட்டமே அபூர்வமான ஒரு தொழில்முறைக் கழகம், கோயில் இருந்தும் திருவிழா நடக்காத ஊர் மாதிரி.

2017-ல் நிலைமை இன்னும் மோசமானது. நைஜீரியக் கூடைப்பந்துச் சம்மேளனத்துக்கு ஒரே மாதத்தில் இரண்டு தேர்தல்கள் நடந்தன. அபுஜாவில் மூசா கிடாவும் கானோவில் திஜ்ஜானி உமரும் தலைவர்களாக அறிவிக்கப்பட்டார்கள். கழகங்களும் இரண்டு பக்கமாகப் பிரிந்தன. உலகக் கூடைப்பந்து அமைப்பான ஃபிபா கடைசியில் கிடா தரப்பை ஏற்றுக்கொண்டது. ஆனால் தகராறு முடிவதற்குள் விளையாட்டுக்காரர்களின் ஆண்டுகள் போய்விட்டன. கூடைப்பந்து வீரன் உச்சத்தில் ஆடும் காலம் ஏழெட்டு ஆண்டுகள்தான். அதில் இரண்டை நிர்வாகச் சண்டைக்குக் கொடுப்பது எவ்வளவு பெரிய இழப்பு என்பது ஆடியவர்களுக்குத்தான் தெரியும்.

இந்தக் குழப்பங்களிலிருந்து வெளியே வந்து 2019-ல் ஹூப்பர்ஸ் தேசிய சாம்பியன் ஆனது. அது நல்ல நேரம். அதே ஆண்டு பிப்ரவரியில் என்.பி.ஏ.வும் ஃபிபாவும் சேர்ந்து ஆப்பிரிக்காவுக்கென ஒரு தொழில்முறை லீக்கை அறிவித்திருந்தன. மொத்தம் 12 அணிகள். அங்கோலா, எகிப்து, மொராக்கோ, நைஜீரியா, செனகல், துனிசியா ஆகிய ஆறு நாடுகளின் சாம்பியன்களுக்குத் தகுதிச் சுற்று இல்லாமலே இடம். போர்ட் ஹார்கோர்ட்டுக்கு நேரடி அழைப்பு வந்தது.

முதல் ஆட்டம்

லீக் 2020 மார்ச்சில் செனகல் தலைநகர் டாக்கரில் தொடங்குவதாக இருந்தது. கொரோனா வந்தது, ஒத்திவைத்தார்கள். ஓர் ஆண்டுக்கு மேல் கழித்து, 2021 மே 16 அன்று, ருவாண்டாவின் கிகாலி அரங்கத்தில், வெளியுலகத் தொடர்பைத் துண்டித்த ஏற்பாட்டில், மட்டுப்படுத்தப்பட்ட பார்வையாளர்களுக்கு முன்னால் முதல் ஆட்டம் தொடங்கியது. களத்தில் ருவாண்டாவின் பேட்ரியாட்ஸ் அணியும் ரிவர்ஸ் ஹூப்பர்ஸும்.

உலகப் பத்திரிகைகள் அன்று கவனித்தது வேறொன்றை. பேட்ரியாட்ஸ் சார்பில் அமெரிக்க ராப் பாடகர் ஜே. கோல் ஆடினார். இரண்டு நாட்களுக்கு முன்னால்தான் அவருடைய புதிய இசைத்தொகுப்பு வெளியாகியிருந்தது. அவர் எடுத்தது மூன்று புள்ளி. உலகெங்கும் செய்தியானது அந்த மூன்று புள்ளிதான். எதிரே நின்ற நைஜீரிய அணியின் பெயர் பல செய்திகளில் ஒரு வரியோடு நின்றுபோனது. ஒரு கண்டத்தின் முதல் லீக்கில் முதல் பந்துக்காக எழும்பிய அணிக்கு இன்னும் கொஞ்சம் கவனம் கிடைத்திருக்க வேண்டும் என்றே நான் கருதுகிறேன். ஆட்டம் 83–60 என்று பேட்ரியாட்ஸுக்குப் போனது.

ஹூப்பர்ஸில் அன்று ஆடிய பெரிய பெயர் பென் உஸோ. நைஜீரியப் பெற்றோருக்குப் பிறந்து டெக்சஸில் வளர்ந்தவர். 2015-ல் ஆப்பிரிக்க நாடுகளுக்கான ஆஃப்ரோபாஸ்கெட் போட்டியை வென்ற நைஜீரிய அணியில் இருந்தவர். அதற்கு முன் என்.பி.ஏ.வில் நியூ ஜெர்சி நெட்ஸ், டொராண்டோ ராப்டர்ஸ் உள்ளிட்ட அணிகளுக்கு ஆடியிருக்கிறார். 2012 ஏப்ரல் 26 அன்று ராப்டர்ஸுக்காகத் தன் பழைய அணியான நெட்ஸை எதிர்த்து ஆடியபோது புள்ளி, ரீபவுண்டு, அசிஸ்ட் மூன்றிலும் இரட்டை இலக்கம் எட்டினார். 'நியூ ஜெர்சி' என்ற பெயரில் நெட்ஸ் ஆடிய கடைசி ஆட்டம் அது. அடுத்த பருவத்தில் அந்த அணி புரூக்ளினுக்குப் போய்விட்டது. ஒரு பெயரின் கடைசி ஆட்டத்தில் தன் வாழ்நாளின் சிறந்த இரவைக் கண்டவர், ஒன்பது ஆண்டுகள் கழித்து ஒரு லீக்கின் முதல் ஆட்டத்தில் போர்ட் ஹார்கோர்ட் சட்டையில் நின்றார். என்.பி.ஏ. வரை போய்வந்த ஒருவர் உள்நாட்டுக் கழகத்துக்குத் திரும்பி ஆடுவது நைஜீரியாவில் அபூர்வம்.

அந்தப் பிரிவில் துனிசியாவின் யு.எஸ். மொனாஸ்டிரிடமும் ஹூப்பர்ஸ் தோற்றது. மடகாஸ்கரின் ஜி.என்.பி.சி. அணியை வென்றது. மூன்று ஆட்டம், ஒரு வெற்றி. மற்ற இரு பிரிவுகளில் மூன்றாவதாக வந்த கேமரூனின் எஃப்.ஏ.பி.யும் செனகலின் ஏ.எஸ். டுவானும் இதே போல ஒரு வெற்றிதான் பெற்றிருந்தன. இந்த மூன்று அணிகளில் இரண்டுக்கே காலிறுதியில் இடம் இருந்தது. புள்ளி வித்தியாசத்தில் பின்தங்கிய ஹூப்பர்ஸ் ஊர் திரும்பியது. பயிற்சியாளர் ஓகோ ஒடாவுடு. இந்தப் பெயரைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

ஆடாத ஆண்டுகள்

2022-ல் ஆப்பிரிக்க லீக்கில் நைஜீரியாவிலிருந்து ஒரு கழகம்கூட இல்லை. மக்கள்தொகையில் கண்டத்திலேயே பெரிய நாடு, தன் உள்நாட்டு லீக்கை நடத்தி முடித்து ஒரு சாம்பியனை அனுப்ப முடியாமல் போனது. அந்த ஆண்டு ஜனவரி 31 அன்று சம்மேளனத்துக்கு மறுபடியும் இரண்டு தேர்தல்கள் நடந்தன. பெனின் நகரத்தில் கிடா, அபுஜாவில் மார்க் இகோச்சே. ஐந்து ஆண்டுகளுக்கு முந்தைய காட்சியே மறுபடியும் அரங்கேறியது. மே மாதம் அதிபர் முகம்மது புகாரியின் அரசு இன்னும் ஒரு படி மேலே போய், சர்வதேசக் கூடைப்பந்திலிருந்து இரண்டு ஆண்டுகள் விலகுவதாக அறிவித்தது. வீட்டைச் சரிசெய்யப் போகிறோம் என்று காரணம் சொன்னார்கள். ஜூன் மாதம் முடிவைத் திரும்பப் பெற்றார்கள். அதற்குள் மகளிர் அணிக்கு அந்த ஆண்டு உலகக் கோப்பையில் இருந்த இடம் மாலிக்குப் போய்விட்டது.

அந்த மகளிர் அணி, டி'டைக்ரஸ், 2017 முதல் 2025 வரை ஐந்து ஆஃப்ரோபாஸ்கெட் பட்டங்களைத் தொடர்ச்சியாக வென்ற அணி. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் காலிறுதி எட்டிய முதல் ஆப்பிரிக்கக் கூடைப்பந்து அணி. ஆடவர் அணியும் 2021 ஜூலையில் லாஸ் வேகஸில் நடந்த பயிற்சி ஆட்டத்தில் அமெரிக்காவை 90–87 என்று வென்றிருக்கிறது. தேசிய அணிகள் இப்படி உயரும்போது உள்நாட்டுக் கழகங்கள் ஆட்டமில்லாமல் காத்திருந்தன. ஹூப்பர்ஸ் போன்ற கழகத்துக்கு இது சாதாரணச் சோர்வு அல்ல. மாதச் சம்பளம் தருகிறார்கள், பயிற்சி நடக்கிறது, ஆனால் எந்தத் தேதிக்காகப் பயிற்சி என்று யாராலும் சொல்ல முடிவதில்லை. போட்டி இல்லாத பயிற்சியில் கால் ஓடும், மனம் ஓடாது.

2023-ல் ஆப்பிரிக்க லீக்குக்கு நைஜீரியாவிலிருந்து போனது குவாரா ஃபால்கன்ஸ். நேரடி இடம் ஏற்கெனவே பறிபோயிருந்தது. அப்போது நைஜீரிய அணிகள் தகுதிச் சுற்று ஆடித்தான் உள்ளே வர வேண்டியிருந்தது.

டாக்கரும் கிகாலியும்

2024 பருவத்துக்கு மேற்குப் பிரிவுத் தகுதிச் சுற்றைத் தாண்டி ஹூப்பர்ஸ் மறுபடியும் ஆப்பிரிக்க லீக்குக்குள் வந்தது. பயிற்சியாளர் அதே ஒடாவுடு. லீக்கின் விதிப்படி அணியில் பெரும்பாலானோர் கழகத்தின் நாட்டுக் குடிமக்களாக இருக்க வேண்டும். நான்கு பேர் வரை வெளிநாட்டவர் ஆடலாம், அவர்களில் ஆப்பிரிக்காவுக்கு வெளியிலிருந்து வருபவர் இருவருக்கு மேல் கூடாது. அதனால் யாரை வெளியிலிருந்து கொண்டுவருகிறோம் என்பதில்தான் பயிற்சியாளரின் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. அமெரிக்கரான வில் பெரி பந்தை நடத்திச் செல்லும் பொறுப்பை எடுத்துக்கொண்டார். நைஜீரிய வேர்களுள்ள கெல்வின் அமாயோ புள்ளிகளைக் குவித்தார். டிவைன் ஏகே, பீட்டர் ஒலிசெமெகா போன்றவர்கள் வளையத்துக்கு அடியில் நின்று உடம்பைக் கொடுத்தார்கள்.

சஹாரா பிரிவு ஆட்டங்கள் மே மாதத் தொடக்கத்தில் டாக்கர் அரங்கத்தில் நடந்தன. நான்கு அணிகள், ஒவ்வொன்றோடும் இரண்டு முறை, ஆக ஆறு ஆட்டம். உடன் ஆடியவை உள்ளூர்க் கூட்டத்தின் ஆதரவோடு வந்த ஏ.எஸ். டுவான், ருவாண்டா ராணுவ அணியான ஏ.பி.ஆர்., 2022-ல் லீக்கையே வென்றிருந்த மொனாஸ்டிர். ஹூப்பர்ஸ் நான்கில் வென்று இரண்டில் தோற்றுப் பிரிவில் முதலிடம் பிடித்தது. இந்தப் பிரிவில் அவர்கள் முதலிடம் வருவார்கள் என்று பருவத் தொடக்கத்தில் பந்தயம் கட்டியவர்கள் அதிகம் இருந்திருக்க மாட்டார்கள்.

இறுதிச் சுற்று மறுபடியும் கிகாலியில். அரங்கத்தின் பெயர் மட்டும் இப்போது பி.கே. அரினா. காலிறுதியில் வந்து நின்றது அதே மொனாஸ்டிர். மூன்று ஆண்டுகளுக்கு முன் இதே கட்டடத்தில் தங்களைத் தோற்கடித்த அணியை இந்த முறை ஹூப்பர்ஸ் வெளியேற்றியது. அரையிறுதியில் லிபியாவின் அல் அஹ்லியிடம் தோற்றது. நடப்புச் சாம்பியனான எகிப்தின் அல் அஹ்லியைக் காலிறுதியிலேயே அனுப்பிவிட்டு வந்த அணி அது. கடைசியில் கோப்பையை அங்கோலாவின் பெட்ரோ டி லுவாண்டா எடுத்துக்கொண்டது.

மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் எதிரணி தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் டைகர்ஸ். அரையிறுதியில் தோற்ற அடுத்த நாட்களில் ஆடும் இந்த வகை ஆட்டத்துக்குப் பல அணிகள் அரை மனதோடுதான் வரும். ஹூப்பர்ஸ் அப்படி வரவில்லை. 80–57. இருபத்து மூன்று புள்ளி வித்தியாசம். 2021-ல் இதே தரையில் முதல் ஆட்டத்தில் அவர்கள் தோற்றதும் சரியாக இருபத்து மூன்று புள்ளியில்தான். அந்த ஆண்டின் சிறந்த பயிற்சியாளர் விருது ஓகோ ஒடாவுடுவுக்குக் கிடைத்தது. அணி ஆடாத காலத்தைத் தாண்டி, அதே மனிதரைத் திரும்பத் திரும்ப நம்பியதற்குக் கிடைத்த பலன் இது. ஒரு தோல்விக்குப் பயிற்சியாளரை மாற்றும் பழக்கம் எங்கும் உண்டு. ஹூப்பர்ஸ் அதைச் செய்யாததை அதன் வெற்றிகளில் ஒன்றாகவே நான் எண்ணுகிறேன்.

அரசின் பணம்

ரிவர்ஸ் மாநில அரசின் கையில் ஹூப்பர்ஸ் மட்டும் இல்லை. 2016-ல் ஷார்க்ஸ், டால்ஃபின்ஸ் என்ற இரண்டு பழைய கால்பந்து அணிகளை இணைத்து உருவாக்கிய ரிவர்ஸ் யுனைடெட், மகளிர் கால்பந்து அணியான ரிவர்ஸ் ஏஞ்சல்ஸ் ஆகியவையும் அதன் செலவில்தான் நடக்கின்றன. எண்ணெய் மாநிலத்தின் வருவாய் இதைச் சாத்தியமாக்குகிறது. லீக் நின்ற ஆண்டுகளில் தனியார் பணத்தை நம்பிய கழகம் என்றால் கலைந்தே போயிருக்கும். அரசுக் கணக்கில் பெயர் இருந்ததால் ஹூப்பர்ஸ் பிழைத்தது.

ஆனால் அரசு ஆடினால் கழகமும் ஆடும். 2025 மார்ச் 18 அன்று நைஜீரிய அதிபர் போலா டினுபு ரிவர்ஸ் மாநிலத்தில் நெருக்கடி நிலையை அறிவித்தார். ஆளுநர் சிமினாலாயி ஃபுபாராவும் சட்டமன்றமும் ஆறு மாதங்களுக்கு இடைநீக்கம் செய்யப்பட்டனர். ஓய்வுபெற்ற கடற்படைத் தளபதி இபோக்-ஏட்டே இபாஸ் நிர்வாகியாக அனுப்பப்பட்டார். கழகத்தின் உரிமையாளர் யார் என்பதே ஒரே இரவில் கேள்வியானது. மூன்று வாரத்துக்குள் ஹூப்பர்ஸ் மொராக்கோவின் ரபாத்தில் ஆப்பிரிக்க லீக்கின் கலஹாரி பிரிவில் ஆடிக்கொண்டிருந்தது. உள்ளூரின் எஃப்.யு.எஸ். ரபாத், எகிப்தின் அல் இத்திஹாத், மாலியின் ஸ்டாட் மாலியான் ஆகிய மூன்றும் அந்தப் பிரிவில் இருந்தன. ஊரில் தங்கள் அரசே இல்லாத நிலையில் அங்கே போய் ஆடிய அந்த அணி, ஸ்டாட் மாலியானைப் பின்னால் தள்ளித் தகுதி பெற்ற மூன்றில் ஒன்றானது. ஜூன் மாதம் பிரிட்டோரியாவில் நடந்த எட்டு அணிகளின் இறுதிச் சுற்றில் ஹூப்பர்ஸ் அரையிறுதியை எட்டவில்லை. லிபியாவின் அல் அஹ்லி திரிபோலி, பெட்ரோவை வென்று கோப்பையை எடுத்தது. போர்ட் ஹார்கோர்ட்டில் நெருக்கடி நிலை முடிந்தது அந்த ஆண்டு செப்டம்பரில்.